உடம்புச் சூடு

அறையில் இருந்தவர்கள் மூன்று பேர்: ஜோசலின், அவள் தம்பி காலேப், அம்மா ஞானஜோதி.

“நேத்து ஞாயிறுன்னு யாரும் ஊட்டல. அம்மா வாடிட்டாங்க பாரு,” என்று ஜோசலின் சிடுசிடுத்தாள்.

“போதும்க்கா, விட்டுடு.”

“விட்டா செத்துடுவாங்கடா!”

“போன வருஷமே பொழிச்சலூர் கல்லறைல மண்ணு போட்டோமேக்கா.”

ஜோசலின் காதில் வாங்கவில்லை. நோயில் படுக்கையில் கிடந்தபோது அம்மாவின் உடம்பிலிருந்து ஆய்வுக்கென்று எடுத்த செல்கள், அவள் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்துக் குடுவையில் இன்னும் பெருகிக்கொண்டிருந்தன. இளஞ்சிவப்பு ஊட்டநீரை ஊற்றிவிட்டு மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள்.

“நியூக்ளியஸ் ரெண்டா பிரியுதுடா. வளர்றாங்க.”

“அது அம்மா இல்லக்கா. அம்மாவக் கொன்ன கேன்சர்.”

“தெரியும். அவங்க உடம்புல இப்ப உயிரோட இருக்கறது அதுதான்.”

உடம்புச் சூடு மாறாத பெட்டிக்குள் குடுவையை மெல்லப் படுக்கவைத்தாள்.

“ஜெபம் பண்ணிட்டுத் தூங்குங்கம்மா,” என்று கதவைச் சாத்திப் பூட்டினாள்.