பெயர் போட்ட கோப்பை

"மூணாவது தடவையா சொல்றேன், யாருக்கும் வேலை போகாது. இன்னும் என்னதான் வேணும் உங்களுக்கு?"

ரோண்டா மைக்கை மேஜைமேல் வைத்தாள். அமெரிக்காவின் ஒஹாயோவில் அந்தக் குளிர்சாதனப் பெட்டித் தொழிற்சாலைக்கு மேலாளராகிப் பதினொரு வருடம் ஆகிறது. இப்படி ஒரு கூட்டத்தை அவள் பார்த்ததே இல்லை. புதிய இயந்திரங்கள், புதிய பிரிவுகள், ஐந்து வருடக் கனவு என்று தலைமை ஆபீஸ் அனுப்பிய நாற்பது படங்களையும் திரையில் காட்டி, தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசியாயிற்று. இருநூறு பேரும் பிடித்துவைத்த பிள்ளையார்போல உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கேள்வி இல்லை. டோனட் பெட்டிகள்கூடத் திறக்கப்படவில்லை.

"டுவெயின், நீயாவது வாயைத் திற. நான் என்ன சுவத்துக்கிட்டயா பேசிட்டிருக்கேன்?"

பெயிண்ட் பிரிவு சூப்பர்வைசர் டுவெயின் தொப்பியைக் கழற்றினான். "பேச்சு நல்லாத்தான் இருந்துச்சு, ரோண்டா."

"அப்புறம் ஏன் எழவு வீட்டுக்கு வந்த மாதிரி உக்காந்திருக்கீங்க?"

அவன் பின்பக்க மேஜையைக் காட்டினான். "ஒரே அணி, ஒரே பாதைன்னு எழுதி, தலைமை ஆபீஸ் காபிக் கோப்பை அனுப்பியிருக்காங்களே. ஒவ்வொண்ணுலயும் ஒருத்தர் பேரு. காலைல வந்ததும் அவங்கவங்களோடத தேடினோம். எங்க பிரிவுல முப்பத்தோரு பேரு. ஒருத்தர் பேருகூட இல்ல."

ரோண்டாவுக்கு எரிச்சல் தலைக்கேறியது.

"அச்சடிச்சவன் பேர்ப் பட்டியல்ல ஒரு பக்கத்த விட்டிருப்பான். அதுக்குப் போயா இவ்வளவு? யாருக்கும் வேலை போகாதுன்னு கம்பெனி இயக்குநரே எங்கிட்ட வாக்குக் கொடுத்திருக்காரு. கோப்பைய வெச்சு ஜோசியம் பாக்கறத முதல்ல நிறுத்துங்க."

சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அது அவளை இன்னும் எரிச்சல்படுத்தியது.

"சரி, நானே என் கோப்பைல காபி ஊத்திக் குடிச்சுக் காட்டறேன். அப்புறமாவது நம்பி வேலையப் பாருங்க."

விறுவிறுவென்று மேஜைக்குப் போனாள். கோப்பைகள் அகரவரிசையில் இருந்தன. ஒருமுறை பார்த்தாள். பிறகு ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். கடைசி வரிசைக்கு வந்தபோது கை மெதுவாகியது.

டுவெயின் பக்கத்தில் வந்து நின்றான்.

"உங்களோடதையும் காலைலயே தேடிட்டோம், ரோண்டா. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் எல்லாரும் வாய மூடிட்டு உக்காந்திருந்தோம்."