கொலைகாரியின் நடை

"பயம் எங்க இருந்து வருது, தெரியுமா?" தன் வீட்டு முன்னறையில், கல்முனையில் வாடகைக்கு எடுத்து வந்த வீடியோ டெக்கை நிறுத்திவிட்டு மீராசாஹிபு மாஸ்டர் கேட்டார். "முகத்தைக் காட்டினாப் பயம் போயிரும். திரைச்சீலைக்குக் கீழ காலை மட்டும் காட்டினீங்க பாருங்க, அதுதான் வேலை!"

மாணவர்கள் காலிதீனும் தங்கராசாவும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எழுபத்தைந்து புள்ளி கிடைத்தால்தான் அவர்கள் எடுத்த மர்மப்படம் பள்ளிக்கூடக் கண்காட்சியில் ஓடும்.

"ஆனா அந்தக் கொலைகாரிட நடை! பொம்பிளை வேசத்தைப் பொடியன்தான் போடணும் எண்டு நான்தான் சொன்னன், ஓம். அதுக்காக நெல்லுமூட்டை தூக்கிறவன் மாதிரித் தொம் தொம் எண்டா நடக்கிற? எந்தப் பொம்பிளைடா இப்படி நடப்பாள்?"

"சாரி எப்படி சேர்?" காலிதீன் பேச்சை மாற்றப் பார்த்தான். "உங்கட வீட்டுலதான் இரவல் வாங்கின."

"சாரி நல்லம். நடிப்புக்கு உள்ள முப்பதும் பூச்சியம். மொத்தம் நூறுக்கு எழுபது."

"சேர், கொஞ்சம் மெதுவாக் கதைங்க," என்றான் தங்கராசா.

"ஏன் மெதுவா? ஆருடா அந்தப் பொடியன்? கூட்டிக்கிட்டு வா, நான் நடை பழக்கிறன்!"

உள்ளே தொம் தொம் என்று கேட்டது. அடுப்படி வாசல் திரைச்சீலைக்குக் கீழே இரண்டு கால்கள் வந்து நின்றன. முகம் தெரியவில்லை. மாஸ்டருக்கு வியர்த்தது.

"சாரி உடுக்கப் பொடியனுகள் வெக்கப்பட்டானுகள். அதான் நான் நடந்தன்," என்றது அவர் மனைவி சுபைறாவின் குரல். "தேத்தண்ணியைக் குடிச்சிட்டு வாங்க, பழகுவம்."

மாஸ்டர் பேனையை எடுத்தார்.

"நடிப்புக்கு முப்பதுக்கு முப்பது," என்றார், மிகவும் மெதுவாக.