நானூறு படங்களில் ஒரு சொல்

வில்லியனூரில் நான் வேலை செய்யும் ஸ்டுடியோவில், இறந்தவர்களின் படக் கோப்புக்குள், கண்ணுக்குத் தெரியாதபடி ‘அஞ்சலி’ என்று குறிச்சொல் போடுவோம். அதைப் பார்த்ததும் கம்ப்யூட்டர் தானாகவே கறுப்பு பார்டர் போட்டுவிடும்.

செல்லப்பன் மாமா பிரிண்ட் போடக் கொண்டுவந்த பெண்டிரைவில் ஆயிரம் படங்கள். நானூறு படங்களுக்குக் கறுப்பு பார்டர் விழுந்தது.

“இன்னாம்மா இது? எங்க வூட்டு மாட்டையும் சாவடிச்சிட்டியே!”

“உள்ள ஒரு வார்த்த இருக்கு மாமா. அத எடுத்துட்டா சரியாயிடும்.”

அதை அழிக்கும் கட்டளையை அடித்தேன். சொல் போகவில்லை. மறுபடி அடித்தேன். அப்போதும் போகவில்லை.

“அவர எவ்ளோ நேரம்மா நிக்க வைப்ப?” என்று முதலாளி பிரிட்டோ கத்தினார்.

ஒவ்வொரு படத்திலும் அந்தச் சொல் இரண்டு இடங்களில் ஒளிந்திருப்பதைக் கடைசியில்தான் கண்டுபிடித்தேன். நகல்கூட எடுத்துவைக்காமல், பெண்டிரைவில் இருந்த படங்களிலேயே அதை ஒரேயடியாக அழித்தேன்.

பார்டர் போன மாட்டைப் பார்த்து மாமா சிரித்தார். “அப்பிடி இன்னா வார்த்தம்மா அது?”

“அஞ்சலி, மாமா.”

அவர் சிரிப்பு நின்றது.

“அது எம் பொண்ணு பேரும்மா. அவ எடுத்த படத்துல மட்டும் பேரப் போட்டு வெப்பா. தவறிப்போயி ரெண்டு வருஷம் ஆவுது. அவ எடுத்ததுல மறுபடியும் போட்டுக் குடுத்துடும்மா.”

ஆயிரத்தில் எந்த நானூறு அவள் எடுத்தது என்று காட்டிய ஒரே அடையாளத்தைத்தான் நான் அழித்திருந்தேன். முதல் படத்தைத் திறந்தேன்.