முன்னால் போனவர்கள்

குளிக்கும்போது ஆவி படியும் என்று மூக்குக்கண்ணாடியை விடுதியிலேயே வைத்துவிட்டான் கியோதகா. அந்த வெந்நீர் ஊற்று ஊரின் முதல் பொதுக் குளியலறையில் குளித்து முடித்து வெளியே வந்தபோது, விடுதி கொடுத்த நீல யுகாதா அங்கியில் நண்பர்கள் இருவரும் முன்னால் போவது மங்கலாகத் தெரிந்தது.

"டேய் மோரியோ! அடுத்து எந்தக் குளியல்டா?"

இருவரும் நடந்துகொண்டே இருந்தார்கள்.

"ஊத்துல வெந்த முட்டை வாங்கட்டுமா?"

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மோரியோவுக்கு விஷயம் தெரிந்துவிட்டதோ?

மரச்செருப்பு தடுக்கத் தடுக்க ஓடி, பாலத்தருகே இடுப்பு வரை குனிந்தான்.

"மோரியோ, உன்னை அகிதா கிளைக்குத் தூக்கியடிச்சதுக்கு நான் போட்டுக்கொடுத்ததுதாண்டா காரணம். என் வேலை போயிடுமோன்னு பயம். மன்னிச்சிடுடா!"

இருவரும் திரும்பினார்கள். ஒருவருக்கு நரைத்த மீசை.

"நாங்களும் அதே விடுதிதான் தம்பி" என்றார் அவர். "அந்த மோரியோ, உங்க பின்னால நிக்கிறவரா?"