குளிராத கார்

பகல் இரண்டரை மணி. மெட்டுகுடா அடுக்ககத்தின் கார் நிறுத்தத்தில் வாட்ச்மேன் நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தார். நீலா மாடிப்படியை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, பழைய வெள்ளைக் காரின் முன்கதவைச் சத்தமில்லாமல் திறந்தாள்.

ஸ்டியரிங்குக்குக் கீழே கையை விட்டு ஒரு ஃபியூஸைப் பிடுங்கினாள். கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த கருகிய ஃபியூஸ் ஒன்றை அதே இடத்தில் அழுத்தினாள். நல்லதை முடிந்துகொண்டு மேலே போய்ப் படுத்துவிட்டாள்.

மாலையில் கணவரோடு காய்கறி வாங்கக் கிளம்பியபோது, கார் ஏசி அடுப்படிக் காற்றை ஊதியது. சக்ரபாணியின் முகம் மலர்ந்தது.

"கம்ப்ரெசர் டக்குனு பிடிக்கற சத்தமே இல்லை, கவனிச்சியா? கரண்ட் போகலை. நீலா, இறங்கு. டார்ச்சைப் பிடி!"

"நல்ல வெளிச்சமாத்தானே இருக்கு. டார்ச் எதுக்கு?"

"பிடியேன். நீ பக்கத்துல நின்னாதான் எனக்கு வேலை ஓடும்."

நீலா டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு மணி நேரத்தில் கருகிய ஃபியூஸைக் கண்டுபிடித்து, வைரம் கிடைத்த மாதிரி தூக்கிக் காட்டினார் சக்ரபாணி.

பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்துநாலு வருஷம் கருவிகளில் பழுது கண்டுபிடித்தவர் அவர். பிப்ரவரியில் ஓய்வு பெற்றதும் சமையலறையில் பழுது கண்டுபிடிக்க ஆரம்பித்தார். குக்கர் விசிலுக்கு நேரம் குறித்தார். மசாலா டப்பாக்களை அகர வரிசையில் அடுக்கினார்.

அதைக்கூட நீலா பொறுத்துக்கொண்டாள். ஏப்ரலில் அவர் பேச்சையே நிறுத்திவிட்டு, பால்கனியில் உட்கார்ந்து மெட்ரோ ரயில்களை எண்ண ஆரம்பித்ததும்தான் பயந்துபோனாள்.

அந்தச் சமயத்தில்தான் பதினாறு வருஷத்துக் காரின் ஏசி நிஜமாகவே கெட்டது. வண்டி ஓடினால் குளிரும், சிக்னலில் நின்றால் சூடாகும். மூன்று நாள் குடைந்து, முன்பக்க விசிறிக்குப் போகும் ஒயர் அறுந்திருப்பதைச் சக்ரபாணியே கண்டுபிடித்தார். அன்று ராத்திரி இரண்டாம் முறை சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மகள் ரஞ்சனாவிடம் அரைமணி நேரம் போனில் அந்த விசிறியைப் பற்றியே பேசினார்.

மறுநாள் காலை நீலா, மெக்கானிக் இர்பானின் ஷெட்டுக்கு ஆட்டோவில் போனாள். பூர்வீகம் வாணியம்பாடி என்பதால், நடுவே உருது கலந்தாலும், அவனுக்குத் தமிழ் நன்றாக வரும்.

"தம்பி, எங்க கார் ஏசி கெட்டுப்போகணும். ஆனா நிஜமா கெட்டுப்போகக் கூடாது."

இர்பான் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு முழுக்கதையையும் கேட்டான்.

"ஹவ் ஹவ், ஆமா அம்மா, புரிஞ்சுது." ஒரு கருகிய ஃபியூஸைக் கொடுத்தான். எந்த ஒயர் முனையைத் தளர்த்தலாம் என்று ஒரு காரில் காட்டினான். "என்ஜின் ஆஃப்ல இருக்கும்போது மட்டும் தொடுங்க. கேஸ் பைப் பக்கம் நக்கோ, போகவே வேணாம்."

அன்றிலிருந்து வாரத்துக்கு ஒரு பழுது. சக்ரபாணி மறுபடியும் சிரித்தார், சாப்பிட்டார், தூங்கினார். நீலாவுக்குத்தான் மதியத்தில் நாவல் படிப்பது போயிற்று. தோழிகளோடு வெள்ளிக்கிழமை பாராயணம் போயிற்று. மே மாத வெயிலில் வியர்த்து வழிய, பானெட்டுக்குள் டார்ச் அடித்துக்கொண்டு, புரியாத விஷயத்துக்கெல்லாம் தலையாட்டினாள். போகட்டும், மனுஷர் நன்றாயிருக்கிறாரே.

மாதக் கடைசியில் போலாரத்தில் தங்கை சாருலதாவின் கிரகப்பிரவேசம். பட்டுப்புடவையில் அந்த வெயிலைத் தாங்க முடியாது என்று, எட்டு நாள் காரின் பக்கமே நீலா போகவில்லை. ஆசை தீர இரண்டு நாவல்களைப் படித்து முடித்தாள். சக்ரபாணி நடுவில் இரண்டு தரம் அறை வாசலில் வந்து நின்றார்.

"என்ன, படிக்கறயா?"

"ஆமாம். ஏன்னா, ஏதாவது வேணுமா?"

"ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை" என்று போய்விட்டார்.

கிரகப்பிரவேசத்துக்குக் குளுகுளுவென்று போய்வந்தார்கள். மறுநாளே ஏசி படுத்துவிட்டது.

"நீலா, டார்ச்!" என்று கீழேயிருந்து உற்சாகமாகக் குரல் கொடுத்தார் சக்ரபாணி.

நீலாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு மணி நேரம் கழித்து, ஏசிக்குக் கரண்ட் விடும் ரிலே போய்விட்டது என்று கண்டுபிடித்து வேறு மாற்றி, அவர் குளிக்கப் போனார். அவள் அவசரமாக இர்பானுக்குப் போன் செய்தாள்.

"தம்பி, இது நான் பண்ணலை! ரிலே போயிடுத்தாம். வண்டி நிஜமாவே கெட ஆரம்பிச்சுடுத்தோ?"

மறுமுனையில் ஸ்பேனரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"கெடல அம்மா. அந்தக் கெட்ட ரிலே என் ஷெட்டுலேர்ந்து போனது. முந்தாநாள் சார் வந்து கேட்டு வாங்கிட்டுப் போனாரு."

"அவரா? அவருக்கு எதுக்கு அது?"

இர்பான் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னான்: "உங்களுக்கு வீட்டுல பொழுதே போகலையாம் அம்மா, பாவமாம்!"