சோம்பேறிக் கால்

“உங்க அக்கா நடக்கும்போது நீங்க வாயே திறக்கக் கூடாது. திறந்தா வெளியே அனுப்பிடுவேன்,” என்றார் எக்ஸ்ரே மேடம்.

தம்பி தலையை ஆட்டிவிட்டுச் சுவரோர நாற்காலியில் உட்கார்ந்தான். சும்மா இருப்பது அவனுக்குப் பிறவியிலேயே வராத வித்தை. பட்டறையில் ஒரு திருகாணியை முடுக்கினாலும் தெரு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவான். இன்றைக்கோ அவனுடைய மூன்று வருட உழைப்பு பரீட்சைக்கு வந்திருக்கிறது. பெரிய டாக்டர் நேற்றே கறாராகச் சொல்லிவிட்டார்.

“அந்தம்மாகிட்ட நீயும் உங்க அக்காவும் எதையும் உளறிடாதீங்க. அவங்க பார்த்து நல்லாயிருக்குன்னு சொல்லிட்டா, என் நோயாளிங்க அத்தனை பேருக்கும் உன் சரக்குதான். குறைன்னு சொல்லிட்டா பட்டறையைப் பூட்டிட்டு வேற பொழைப்பைப் பாரு.”

எக்ஸ்ரே மேடம் என்பது ஆஸ்பத்திரிக்காரர்கள் வைத்த பெயர். பிசியோதெரபி பிரிவில் அவர் பார்க்காத நடை இல்லை. நாலடி நடக்கவிட்டால் போதும், முழங்காலா, இடுப்பா, முதுகா என்று புட்டுப் புட்டு வைத்துவிடுவார். அவர் முன்னால் நடக்க அங்கே வேலை பார்க்கும் டாக்டர்களுக்கே கூச்சம்.

உள்ளறையிலிருந்து நர்ஸ் அக்காவைக் கைப்பிடித்து அழைத்து வந்தார். தொளதொள பேன்ட், கால்களில் புதுக்கருக்கு மாறாத ஷூ. அதன் அடிப்பாகம் படகு போல வளைந்திருந்தது. தொடையிலும் இடுப்பிலும் தசை வேலை செய்வதைக் காட்டும் பட்டைகளை ஒட்டியாகிவிட்டது. திரையில் கோடுகள் ஓடத் தொடங்கின.

“கெண்டைக்கால்ல ஒட்டலையா?” என்றார் மேடம்.

“தொடையும் இடுப்பும் போதும்னு பெரிய டாக்டர் சொல்லிட்டார் மேடம்.”

“அவருக்கு எல்லாத்துலயும் அவசரம்,” என்று முணுமுணுத்தார் மேடம்.

அக்கா பக்கத்திலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினாள். “இது என்ன ஷூவா, ஊஞ்சலா?”

“அதுக்குத்தான் இதைப் போடுறதே. சமதரையில எந்தக் காலும் நல்ல பேர் வாங்கிடும். இதுல ஏறிட்டா விழாம நிக்கறதுக்கே உடம்புல இருக்கிற தசையெல்லாம் எழுந்து வேலை பார்க்கணும். எது டிமிக்கி கொடுக்குதுன்னு திரையில தெரிஞ்சுடும்.” மேடம் தம்பியை ஓரக்கண்ணால் பார்த்தார். “இந்த ஷூ இவர் செஞ்சதா?”

தம்பி திறந்த வாயை அவசரமாக மூடிக்கொண்டான்.

“அதை ஏன் கேக்குறீங்க,” என்றாள் அக்கா. “மூணு வருஷமா சாப்பிட்டாலும் குதிகால், தூங்கினாலும் குதிகால். பக்கத்து வீட்டுக்காரர் மீசையை எடுத்தது இவனுக்கு இன்னும் தெரியாது. ஆனா அவர் செருப்பு எந்தப் பக்கம் தேய்ஞ்சிருக்குன்னு கேளுங்க, சொல்லுவான்.”

மேடம் சிரித்துவிட்டார். “சரி, நடங்க.”

முதல் அடியிலேயே அக்கா தள்ளாடினாள். தம்பி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான். பட்டறையில் அவள் விழாத இடமில்லை. விழும்போதெல்லாம் அவனை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, “எங்க இடிக்குதுன்னு பாரு, இன்னும் கொஞ்சம் ராவு,” என்று மறுபடி எழுந்து நின்றவள் அவள்தான். அவள் மட்டும் அலுத்துப்போயிருந்தால் அவன் என்றைக்கோ கையைக் கழுவியிருப்பான்.

இரண்டாவது சுற்றில் அக்கா கம்பியை விட்டாள். கூன் நிமிர்ந்தது. தலை தூக்கி, தோளை விரித்து, அறையின் மறுகோடிவரை போய்த் திரும்பி வந்தாள். வரும்போது தம்பியைப் பார்த்துக் கண்ணடித்தாள். அவனுக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது. எழுந்து கை தட்ட வேண்டும் போலிருந்தது. நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டான்.

“இன்னும் கொஞ்சம் வேகமா,” என்றார் மேடம். பிறகு, “மெதுவா.” பிறகு, “கம்பியைப் பிடிக்காம அப்படியே நில்லுங்க.”

அக்கா நின்றாள். மேடம் திரையைப் பார்த்தார், அக்காவின் கால்களைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

“ஒரு கால்ல குறை இருக்கு,” என்றார்.

தம்பிக்குத் தலையில் இடி விழுந்தது. பட்டறைக் கதவில் பூட்டுத் தொங்குவது கண்ணுக்கே தெரிந்தது. அக்காவின் முகமும் வாடிவிட்டது.

“எந்தக் கால் மேடம்?” தம்பி போட்டிருந்த வாய்ப்பூட்டு தானாகக் கழன்றுகொண்டது.

மேடம் முறைத்தார். ஆனாலும் பதில் சொன்னார். “வலது. தரையில ஊன்றதுக்கே யோசிக்குது. அந்தப் பக்கத்து இடுப்புத் தசையும் தாமதமாத்தான் முழிச்சுக்குது. சரியான சோம்பேறிக் கால். இடது கால் கச்சிதம். ஊன்றதும் எடுக்கறதும் அவ்வளவு சுத்தம். வலதுக்குக் கொஞ்சம் பயிற்சி கொடுத்தா, அதுவும் இடது மாதிரி ஆயிடும்.”

தம்பி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினான். சிரிக்கிறானா அழுகிறானா என்று மேடத்துக்குப் புரியவில்லை.

“ஏன் இப்படி உடைஞ்சு போறீங்க? உங்க ஷூவை நான் ஒண்ணும் குறை சொல்லலையே,” என்றார் மேடம்.

“ஷூ கடையில வாங்கினது மேடம்,” என்றான் தம்பி, கண்களைத் துடைத்தபடி.

அக்கா குனிந்து பேன்ட்டின் இடது பக்கத்தை முழங்கால்வரை சுருட்டினாள். “வலது கால் எங்கம்மா கொடுத்தது மேடம். குறை இருந்தா அவங்களைத்தான் கேக்கணும்,” என்றாள். “இடது கால்தான் என் தம்பி செஞ்சது.”