வாறன் எண்டு சொல்லுங்கோ

"குட்பை பிள்ளை" என்று சொல்லிக்கொண்டே படலையைத் திறந்தார் முத்துலிங்கம் சேர்.

சுதாஜினிக்குச் சுருக்கென்றது. புருசனுக்கு இங்கிலிஷ் படிப்பித்த மனுசன். பூநகரியிலிருந்து வவுனியாவுக்குக் கண் காட்ட வந்து, நெளுக்குளத்தில் அவள் வீட்டில் ஒரு கிழமை தங்கியவர். போகும்போது இப்படியா சொல்வது?

"சேர், குறை நினைக்காதேங்கோ. போகேக்கை அப்பிடிச் சொல்லக்கூடாது. போயிட்டு வாறன் எண்டு சொல்லுங்கோ."

சேர் பையைக் கீழே வைத்தார். சுமன் மனைவியை முறைத்தான். அவர் பையைக் கீழே வைத்தால் விளக்கம் தொடங்கும் என்பது பள்ளிக்கூடத்திலிருந்தே அவனுக்குத் தெரியும்.

"குட்பை எங்கையிருந்து வந்தது தெரியுமே பிள்ளை? 'கடவுள் உங்களோடை இருக்கட்டும்' எண்டு வெள்ளைக்காரன் முந்தி முழுசாச் சொன்னவன். சொல்லிச் சொல்லித் தேஞ்சு, இப்ப இவ்வளவுதான் மிச்சம்."

"அது இருக்கட்டும் சேர். நீங்கள் வாறன் எண்டு சொன்னால்தான் எனக்கு மனம் ஆறும்."

"சரி, போயிட்டு வாறன்."

அவர் தலை மறைந்ததும் சுதாஜினி துணுக்காய்க்குப் போகப் பெட்டி அடுக்கினாள். பெரியபிள்ளையான அக்காவின் மகளுக்குச் சாமத்திய வீடு. சின்னம்மா வந்துதான் சேலை உடுத்திவிட வேண்டும் என்று பெட்டை ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

பெட்டியைப் பூட்டமுன் படலைச் சத்தம் கேட்டது.

"பூநகரி பஸ் போயிட்டுது பிள்ளை. பஸ் எண்ட சொல்லு எங்கையிருந்து வந்ததெண்டு கண்டக்டருக்கு விளங்கப்படுத்திக்கொண்டு நிண்டனான். பாதியிலை விட்டிட்டுப் போட்டான்."

அடுத்த நாளும் "போயிட்டு வாறன்" என்றுதான் போனார். மறந்த கண்ணாடியை எடுக்க வந்தவர், சாப்பாட்டுக்கு இருந்தார். சாப்பிட்டவர் படுத்தும் விட்டார்.

அக்கா போனில் ஏசினாள். "நாளைக்குச் சடங்கு. நீ வாறியோ, இல்லையோ?"

சுதாஜினிக்கு அழுகையே வந்துவிட்டது. புருசனின் வாத்தியாரைப் போங்கோ என்று எந்த வாயால் சொல்வது?

விடிந்ததும் சேர் பையோடு படலையடிக்கு வந்தார். அவளுக்குப் பிடித்ததைச் சொல்லப்போகிற சந்தோசம் அவர் முகத்தில்.

"பிள்ளை, நான் போயிட்டு..."

சுதாஜினி ஓடிப்போய் மறித்தாள்.

"வேண்டாம் சேர். நீங்கள் இங்கிலிஷிலையே சொல்லுங்கோ. கடவுள் எங்களோடை இருக்கட்டும்."